வெள்ளம் கண்ட வீடும் மாணவர் திருப்பணியும்

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி நம் பிரசங்க பீடங்களில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவதில்லை. வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய இருபத்தொரு வசனங்கள் அங்கே உள்ளன. சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழிந்த கறைகள் காணப்பட்டால் வீட்டுக்காரர் என்ன செய்யவேண்டும், ஆசாரியன் என்ன செய்யவேண்டும், எந்தக் கல்லைப் பெயர்த்து எங்கே எறியவேண்டும் என்பனவெல்லாம் அங்கு விரிவாகக் கூறப்படுகின்றன. நமது பழைய மொழிபெயர்ப்பு இதனைக் குஷ்டதோஷம் என்று கூறுவதால், வீட்டிற்கும் அந்நோய்க்கும் என்ன தொடர்பு என்று வாசிப்போர் மயங்கிக் கடந்துவிடுகின்றனர். மூலமொழிச் சொல் நாம் இன்று அறிந்துள்ள தொழுநோயைக் குறிப்பதன்று. துணியிலும் தோலிலும் சுவரிலும் படரும் கேட்டையும் அச்சொல்லே குறிக்கின்றது. வீட்டைப் பொறுத்தவரை அதனைப் பூஞ்சணம் என்று கொள்வோர் பலர்.

2005-ஆம் ஆண்டிற்குப் பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குத் தொண்டாற்றச் சென்ற திருச்சபை மாணவர்கள் கையாலே செய்த வேலை, ஏறக்குறைய அப்படியே இந்த அதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வேலை எத்தகையது, அதில் யார் முதலில் பேசவேண்டியவர், எந்த இடத்தில் அது தடைப்பட்டு நின்றது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா சூறாவளி அக்கரையோரத்தைத் தாக்கியது. நகரை மூழ்கடித்தது சூறாவளி மட்டுமன்று. நகரின் ஊடே ஓடும் வடிகால் கால்வாய்களின் தடுப்பு மதில்களும் தொழிற்சாலைக் கால்வாயின் கரையும் பல இடங்களில் உடைந்தன. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் ஆழ்ந்தது. சில மதில்கள், அவற்றின் உச்சியைத் தாண்டி நீர் வழிவதற்கு முன்னரே அடித்தளம் நகர்ந்து வீழ்ந்தன. அவற்றின் அமைப்பிலேயே குறை இருந்தது என்பதை அவற்றைக் கட்டிய அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவே 2006-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஏற்றுக்கொண்டது. எனவே இதனை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் சொல்லி அமைவது உண்மைக்குப் பொருந்தாது.

இது அந்நகரின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று அந்நாட்களில் சில பிரசங்கியார் முழங்கினர். ஆனால் கேளிக்கைக்குப் பேர்போன பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு ஆற்றோர மேட்டு நிலத்தில் அமைந்திருந்தமையால் பெரும்பாலும் நனையாமல் தப்பியது. மூழ்கியவை தாழ்நிலத்துக் குடும்பங்களின் வீடுகள். அவற்றின் நடுவே இருந்த சிற்றாலயங்களும் மூழ்கின. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோரைப் பற்றி ஆண்டவர் கூறியதை அறிந்தோர் இவ்வாறு பேசியது வியப்பே. லேவியராகமப் பகுதியும் இவ்வகைப் பேச்சுக்கு இடங்கொடுப்பதில்லை. தோஷம் கர்த்தரிடமிருந்தே வருகிறதென்று 34-ஆம் வசனம் கூறினாலும், வீட்டுக்குள் நுழையும் ஆசாரியன் வீட்டுக்காரரின் பாவம் யாது என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை, சுவரைப் பார்க்கிறான். அதிகாரத்தின் முடிவில் பாவநிவிர்த்தியும் வீட்டிற்காகவே செய்யப்படுகிறது.

வெள்ள நீர் சில பகுதிகளில் இரண்டு மூன்று வாரங்கள் வடியாது நின்றது. செப்டம்பர் 24-இல் ரீட்டா என்னும் மற்றொரு சூறாவளி வந்து கீழ் ஒன்பதாம் வட்டத்தை மீண்டும் மூழ்கடித்தது. அக்டோபர் இரண்டாம் வாரத்திலேதான் நீர் முழுவதும் இறைக்கப்பட்டது. அவ்வட்டத்தின் பெரும்பகுதியில் குடியிருந்தோர் தம் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அனுமதிக்கப்பட்டது டிசம்பர் மாதத்திலே. மூன்று மாதம் பூட்டிய வீடு, ஈரம், அந்நாட்டின் தென்பகுதிக்குரிய கடும் வெப்பம். அவ்வீடுகளுக்குள் தரை முதல் கூரையின் உட்புறம்வரை பூஞ்சணம் படர்ந்து கறுத்திருந்தது. பல வீடுகளின் வெளிச்சுவரில் மீட்புப் படையினர் தெளித்த பெருக்கற்குறி இருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் தேடிய நாள், தேடிய குழு, உள்ளிருந்த ஆபத்து, உள்ளே கண்ட உடல்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்டிருந்தன.

அமெரிக்க வீடுகள் நம் வீடுகளைப் போலச் செங்கல்லும் காரையுமாகக் கட்டப்படுவன அல்ல. மரச்சட்டங்களை நிறுத்தி, உட்புறத்தில் ஜிப்சம் பலகைகளை அறைந்து, இடைவெளியில் வெப்பங்காக்கும் பஞ்சினை அடைத்துவிடுவர். ஜிப்சம் பலகையின் மேல் ஒட்டிய தாள் பூஞ்சணத்திற்கு நல்லுணவு. பஞ்சோ நீரை உறிஞ்சினால் விடுவதில்லை. ஆகவே நனைந்த வீட்டைக் கழுவி மட்டும் பயனில்லை. உட்சுவர் முழுவதையும் உரித்து எலும்புக்கூடு போன்ற சட்டங்களை மட்டும் நிற்கவிட்டு உலரவைக்கவேண்டும். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: தூண்களின்மேல் உயர்த்தி, சைப்ரஸ் மரத்தாலும் சுண்ணாம்புக் காரையாலும் பழங்காலத்தார் கட்டிய வீடுகள் பல இவ்வெள்ளத்தை ஓரளவு தாங்கின. தரையோடு தரையாகப் பிற்காலத்தில் கட்டியவையே மிகுதியும் அழிந்தன.

இவ்வாறு உரிப்பதற்குக் கூலியாட்களை அமர்த்தினால் வீட்டுக்காரருக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஒப்பந்தக்காரரும் உண்டு. இந்நிலையில் 2006-இன் வசந்தகாலத்தில் நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 29-க்குள் வீட்டைத் துப்புரவாக்கி உரித்து அடைத்துவைக்காதவர்கள் வீட்டை இழக்க நேரிடும் என்று அது கூறியது. பின்னர்ச் சில விலக்குகள் சேர்க்கப்பட்டன என்றாலும், ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் உறவினர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த முதியோர்க்கு அச்செய்தி இடியாகவே விழுந்திருக்கும். ஆகவே அவ்வாண்டு வசந்தகால விடுமுறையில் கல்லூரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த மாணவர் ஒரு சுவரை உரித்தபோது, அவ்வீடு இடிபடாதபடி காத்தனர் என்றே நாம் கொள்ளவேண்டும்.

வேலையின் முறை

மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், லுத்தரன், எப்பிஸ்கோப்பல் திருச்சபைகள் யாவும் இப்பணிக்கு முகாம்கள் அமைத்தன. மாணவர்கள் ஆலயக் கூடங்களில் கட்டில்களை விரித்துத் தங்கினர். இவ்வகைப் பணியில் நீண்ட பழக்கம் உடையவர்கள் மெனோனைட் திருச்சபையினர். அவர்களது பேரிடர்ப் பணி அமைப்பு 1950-இல் கான்சாஸ் மாநிலத்தில், ஞாயிறு பள்ளி வகுப்பைச் சேர்ந்த இளையோர் ஒன்றுகூடிய ஓர் உல்லாசக் கூட்டத்தில் பிறந்தது. வெள்ளம் வடிந்து, செய்தியாளர்கள் போய்விட்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் தங்கி வீடு கட்டுவது அவர்கள் வழக்கம். லுத்தரன் இளையோர் மாநாடு 2009-இல் நியூ ஆர்லியன்சிலேயே கூடியபோது 35,000-க்கும் மேற்பட்டோர் வந்து, மாநாட்டு நாட்களில் ஒரு பகுதியை நகரப் பணிக்கு அளித்தனர். சூறாவளி கழிந்து நான்காண்டு ஆகியும் அத்தனை பேருக்கு வேலை மீந்திருந்தது.

வீட்டிற்குள் நுழையுமுன் மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். மூச்சுக் காப்பு முகமூடி, கண்ணாடி, தடித்த கையுறை, ஆணி துளைக்காத காலணி ஆகியன கட்டாயம். முதலில் வீட்டுப் பொருள்கள் வெளியே வரும். குளிர்பெட்டியை மட்டும் எவரும் திறப்பதில்லை. மாதக்கணக்கில் உள்ளே அழுகிய உணவின் நாற்றம் தெருவையே விரட்டிவிடும் என்பதால் அதனை ஒட்டுத்தாளால் சுற்றிக் கட்டி அப்படியே இழுத்து வருவர். பிறகு கதவு, சன்னற் சட்டம், தரைவிரிப்பு, பிறகு கடப்பாரையும் சுத்தியும் கொண்டு சுவர்ப்பலகை, பிறகு பஞ்சு. இறுதியாகச் சட்டங்களில் எஞ்சிய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, பூஞ்சணக் கொல்லியைப் பூசுவர். ஆணி பிடுங்கும் வேலையை மாணவர்கள் விரும்புவதில்லை. ஆனால் அது அரைகுறையாக விடப்பட்டால் புதுப்பலகை பொருந்தாது. மரம் நன்றாக உலர்ந்ததா என்று ஈரமானியால் அளந்த பின்னரே மீண்டும் சுவரை மூடலாம். அவசரப்பட்டு மூடிய வீடுகளில் கறை மறுபடியும் முளைத்தது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு ஒரு வீட்டை உரிக்க இரண்டு மூன்று நாளாகும்.

தெருவோரம் குவிக்கப்படும் பொருள்களை மாணவர் குப்பை என்று அழைத்தலாகாது என்பதே நல்ல முகாம்களில் முதற்பாடம். அக்குவியல் ஒரு குடும்பத்தின் நாற்பதாண்டு வாழ்வாக இருக்கலாம். திருமணப் புகைப்படம், பிள்ளையின் பள்ளிப் பரிசு, சேறு படிந்து பக்கங்கள் ஒட்டிப்போன திருமறை ஆகியவற்றைத் தனியே ஒரு பெட்டியில் வைத்து, எறிவதா வைத்துக்கொள்வதா என்று வீட்டுக்காரரையே கேட்கவேண்டும். அவர் தொலைவூரில் இருந்தால் தொலைபேசியில் கேட்கவேண்டும். அவர் பதில் சொல்ல அரைநாள் எடுத்தால் அரைநாள் காத்திருக்கவேண்டும். மாலைக்குள் வீட்டை முடித்துப் படம் எடுத்துக்கொண்டு போக விரும்பும் இளைஞருக்கு இது மிகக் கடினம்.

லேவியராகமம் இங்கே நமக்கு வியப்பான துணை செய்கிறது. 35-ஆம் வசனத்தில் முதலில் பேசுபவர் ஆசாரியன் அல்ல, வீட்டுக்குரியவர். அவர் தாமே வந்து தம் வீட்டில் ஏதோ தோன்றுகிறது என்று அறிவிக்கிறார். அவர் வாய் திறக்கும்வரை ஆசாரியனுக்கு அவ்வீட்டில் வேலையில்லை. அடுத்த வசனத்தில் ஆசாரியன் உள்ளே வருமுன் வீட்டிலுள்ளவை யாவும் வெளியேற்றப்படவேண்டும் என்று கட்டளை வருகிறது. ஏனெனில் அவன் வந்து தீட்டு என்று தீர்த்துவிட்டால் உள்ளிருப்பவை அனைத்தும் தீட்டாகிவிடும். அதாவது வீட்டுக்காரரின் பொருள்கள் வீணாகாதபடி சட்டமே அவருக்கு அவகாசம் தருகிறது. யூத மரபுச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் நெகாயீம் என்னும் பகுதியில் ரபி மேயீர் இதனை ஆராய்கிறார். துணியும் மரப்பாத்திரமும் கழுவினால் சுத்தமாகும். அப்படியானால் சட்டம் எதனைக் காக்க விழைகிறது? கழுவினாலும் சுத்தமாகாத மண்பாண்டத்தை, ஏழையின் சட்டியையும் கலயத்தையுமே என்பது அவர் விடை. மலிவான ஒரு சட்டிக்காகத் திருச்சட்டம் காத்திருக்குமாயின், ஈரமான ஒரு புகைப்படத்திற்காக மாணவர் காத்திருப்பது மிகையாகாது.

அதே பகுதியில் மற்றொரு குறிப்பும் உண்டு. 42-ஆம் வசனத்தின் எபிரேய மூலத்தில் வேறு கற்களைக் கொண்டுவருவோர் பன்மையிலும், வேறு சாந்தை எடுத்துப் பூசுபவர் ஒருமையிலும் சொல்லப்பட்டுள்ளனர். இரு வீட்டிற்கும் பொதுவான சுவராயின் அண்டை வீட்டாரும் சேர்ந்து கல்லைப் பெயர்க்கவேண்டும், சுரண்டவேண்டும், புதுக்கல் கொணரவேண்டும். பூசுவதோ வீட்டுக்குரியவர் மட்டுமே என்று ரபிமார் இதற்குப் பொருள் கூறினர். தீயவனின் அயலானுக்கு நேரும் துன்பமாகவே அவர்கள் இதனைக் கண்டனர். நாம் அதனை மறுபுறமிருந்து வாசிக்கிறோம். பெயர்க்கும் பாரம் அயலாருடையதுமாகும். ஆனால் வீட்டிற்கு எந்த நிறம், எந்தச் சுவர், மீண்டும் குடியேறுவதா விற்பதா என்ற முடிவு உரியவருடையது. உரித்து முடித்த வீட்டை அதன் சொந்தக்காரர் பிறகு விற்றுவிட்டார் என்று கேட்டு மனம் கசந்த தொண்டர்கள் உண்டு. அக்கசப்புக்கு இவ்வதிகாரத்தில் ஆதாரம் இல்லை.

இப்பணியில் நற்செய்தி அறிவிப்பு எங்கே என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். உதவியை வாங்கிக்கொண்ட காரணத்தால் கேட்டே தீரவேண்டிய பிரசங்கம் நற்செய்தி ஆகாது என்பது நம் கருத்து. நியூ ஆர்லியன்சின் தாழ்நிலத்தார் பலர் அங்குச் சென்ற மாணவரைக் காட்டிலும் நெடுங்காலம் ஜெபித்துப் பழகியவர்கள். அங்கே வந்தவர்களுக்கு வீட்டுக்காரரே ஜெபித்தது இயல்பாக நிகழ்ந்த ஒன்று.

யாருடைய வீடு?

சுவரை உரிப்பது பணியின் எளிய பகுதி. வீட்டை மீளக் கட்டப் பணம் வேண்டும். அதற்காக லூயிசியானா அரசு நடுவண் அரசின் நிதியில் ரோடு ஹோம் என்னும் திட்டத்தை வகுத்தது. ஒருவருக்கு உச்ச அளவு 150,000 டாலர். வெள்ளத்திற்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, கட்டி முடிக்க ஆகும் செலவு, இவ்விரண்டில் எது குறைவோ அதன் அடிப்படையில் தொகை கணக்கிடப்பட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு நெடுங்காலமாகவே குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. ஆகவே ஒரே அளவுள்ள, ஒரே சேதமுற்ற இரு வீடுகளில் கறுப்பர் பகுதியிலிருந்த வீட்டுக்குக் கிடைத்தது குறைவு. பலகையும் ஆணியும் வாங்கும் விலையோ இருவர்க்கும் ஒன்றே. 2008-இல் இதற்கெதிராக வழக்குத் தொடரப்பட்டு, 2011-இல் 6 கோடியே 20 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் பலர் திரும்பி வரும் எண்ணத்தையே விட்டிருந்தனர்.

இதனினும் நுட்பமான தடை ஒன்று இருந்தது. பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாழ்வார்; வரி கட்டுவார்; ஆனால் பாட்டன் இறந்தபோது நீதிமன்றத்தில் வாரிசுரிமை பதிவு செய்யப்பட்டிராது. பத்திரம் பாட்டன் பெயரிலேயே கிடக்கும், அல்லது வெள்ளத்தில் போயிருக்கும். உரிமையை நிறுவ இயலாதவருக்கு அரசுத் தொகை இல்லை. மாணவர் ஒரு வாரம் உழைத்து உரித்த வீடு, காகிதம் இல்லாத காரணத்தால் சட்டங்களோடு நின்று இற்றுப்போகும். இங்கே கடப்பாரையால் பயனில்லை. சிதறிக் கிடக்கும் சித்தப்பா அத்தை பிள்ளைகள் அனைவரையும் தேடிக் கையெழுத்துப் பெறவேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுமுறையில் வந்து இதனைச் செய்தனர். மெதடிஸ்டு திருச்சபையின் நிவாரண அமைப்பு, வெளிநாட்டு அரசுகள் அளித்த நன்கொடையிலிருந்து 6 கோடியே 60 லட்சம் டாலர் பெற்று, குடும்பம் ஒவ்வொன்றிற்கும் ஒரு துணையாளரை அமர்த்தி மனுக்களையும் காகிதங்களையும் கவனிக்கும் பெருந்திட்டத்தை நடத்தியது. சுவர் உரிக்கும் படத்தைப்போல இது எந்தத் திருச்சபைச் செய்திமடலின் அட்டையையும் அலங்கரிப்பதில்லை.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினைக்கிறோம். நகரம் முற்றுகையில் வீழும் தறுவாயில் தீர்க்கன் ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்குகிறான். வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறான். சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்கிறான். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறான். நம்பிக்கையைப் பற்றிய பிரசங்கமாக மட்டுமே இதனை நாம் வழங்கி வருகிறோம். பத்திரம் அழியாதபடி எப்படிப் பாதுகாப்பது என்ற சிறு விவரத்தை வேதமே பொருட்படுத்துகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

இத்தனையும் வீடு உடையவரைப் பற்றியது. வெள்ளத்திற்கு முன் நியூ ஆர்லியன்ஸ் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாடகைக்கு இருந்தவை. அவர்களுக்கு உரிக்கச் சுவர் இல்லை. அவர்கள் பெயரில் எந்த முகாமிலும் வேலைச்சீட்டு எழுதப்படவில்லை. ரோடு ஹோம் திட்டத்தின் பெரும்பகுதியும் வீட்டுச் சொந்தக்காரருக்கே சென்றது. நகரின் நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 4,500 வீடுகள் இருந்தன. அவற்றை இடிப்பதென நகர மன்றம் 2007 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. சொந்த வீட்டின் சுவரை ஒரு வாரம் உரித்துத் திரும்பிய மாணவருள் அச்செய்தியைக் கேட்டு உறக்கம் இழந்தோர் எத்தனை பேர் என்பது எந்த அறிக்கையிலும் வரக்கூடியதன்று. வீட்டுக்காரருக்குத் தொண்டு செய்வது தவறாகாது. ஆனால் தொண்டின் அமைப்பே யார் கண்ணில் படுவார், யார் படமாட்டார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

நமது மண்ணில்

நம் இறையியல் மாணவர்க்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். 2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளம் சென்னை வீடுகளில் புகுந்தபோதும், 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோதும் இளையோர் மண்வெட்டியோடு சென்றனர். நம் செங்கற்சுவர் உரிக்கப்படவேண்டியதன்று. சேறு அள்ளுவது, கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவது, கட்டிலுக்கடியில் புகுந்த பாம்பைக் கவனிப்பது ஆகியவை இங்குள்ள வேலைகள். வெள்ளம் வடிந்த கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்ச்சேதம் விளைத்தது. சேற்றில் இறங்குவோர் டாக்சிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே உட்கொள்ளுமாறு அம்மாநிலச் சுகாதாரத் துறை வற்புறுத்தியது. காலில் புண்ணோடு, காலணியின்றிச் சேற்றில் இறங்கும் வீரத்தை ஆயர்கள் பாராட்டலாகாது, தடுத்தல் வேண்டும்.

பட்டா இன்றி ஆற்றங்கரையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரின் நிலை, நியூ ஆர்லியன்சில் வாடகைக்கு இருந்தவர் நிலைக்கும் பத்திரமற்ற பேரன் நிலைக்கும் இடைப்பட்டது. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல ஆயிரம், நகரின் தென்கோடிக்கப்பாலுள்ள பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்குச் சேறில்லை. மண்வெட்டியோடு செல்லும் மாணவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இராது. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, குழந்தைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கிடைத்ததா, குடும்ப அட்டை புதிய முகவரிக்கு மாறிற்றா என்று கேட்டு, மனு எழுதி, அலுவலகத்தின் வரிசையில் அவரோடு நிற்பதே அங்குள்ள வேலை. அதற்கு ஒரு வார விடுமுறை போதாது. ஓராண்டுக் களப்பணியாக வகுத்தால் ஒருவேளை போதும்.